கம்ப்யூட்டரில் தனி மானிட்டர் மாட்டுவது: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவனந்தபுரம் டெக்னோபார்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவர்கள், மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் டிடிபி கடை நடத்துபவர்கள், இ-சேவை மையம் வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் லேப்டாப்போடு ஒரு பெரிய ஸ்கிரீனைச் சேர்க்க நினைக்கிறார்கள். வேலை பெரியதில்லை. சரியான வயர் கையில் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். தவறான வயரை வாங்கிவிட்டால்தான் நாகர்கோவிலுக்கும் ஊருக்கும் அலைய வேண்டும். அந்த அலைச்சலை மிச்சப்படுத்தவே இந்தப் பதில்கள்.

மானிட்டர் வாங்கும் முன்னால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் லேப்டாப்பின் இரண்டு பக்கங்களையும் பாருங்கள். மானிட்டரைப் பற்றி யோசிப்பது அதற்கு அப்புறம்தான். படம் வெளியே வரும் வழி எது என்று தெரியாமல் மானிட்டர் வாங்கக் கூடாது.

பெரும்பாலான லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருக்கும். கீழ்ப்பக்கம் இரண்டு ஓரமும் சற்று உள்ளே ஒடுங்கிய, தட்டையான ஓட்டை அது. பழைய லேப்டாப்பில் 15 ஊசி போகும் நீல நிற விஜிஏ இருக்கும். ஆபீஸ் வேலைக்கென்று வந்த சில கம்ப்யூட்டர்களில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும். அது எச்டிஎம்ஐ மாதிரியே தெரிந்தாலும் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். மெலிந்த புது லேப்டாப்களில் டைப்-சி மட்டுமே இருப்பதும் உண்டு.

எச்டிஎம்ஐ என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 1.4 வகை போர்ட் (வயர் செருகும் ஓட்டை) 4கே படத்தை, அதாவது 3840 x 2160 புள்ளி உள்ள படத்தை, வினாடிக்கு 30 முறைதான் அனுப்பும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்வது போலத் தெரியும். 2.0 வகை என்றால் அதே 4கே 60 முறை வரும். விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் 1.4 தான். அதில் 4கே மானிட்டர் மாட்டுவது காசை வீணாக்குவது. லேப்டாப் மாடல் பெயரை வைத்து கம்பெனி தரும் விவரத்தாளில் பார்த்தால் எந்த வகை என்று போட்டிருக்கும். முழு எச்டி, அதாவது 1920 x 1080 மானிட்டருக்கு 1.4 தாராளம்.

லேப்டாப்பில் டைப்-சி இருக்கிறது. போன் சார்ஜர் வயரை மாட்டினால் படம் வரவில்லையே?

இதில் இரண்டு இடத்தில் தடை இருக்கலாம். முதலாவது அந்த வயர். போனோடு வரும் டைப்-சி வயர் பெரும்பாலும் சார்ஜ் ஏற்றவும், மெதுவாக பைல் அனுப்பவும் மட்டும் செய்தது. படம் போவதற்கான கம்பிகளே அதற்குள் கிடையாது. 'வீடியோ சப்போர்ட்' என்று அட்டையில் தெளிவாக எழுதிய வயரைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது போர்ட். எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. பக்கத்தில் மின்னல் குறியோ, ஆங்கில 'D' எழுத்துக்குள் 'P' எழுதிய மாதிரி ஒரு குறியோ இருந்தால் அனுப்பும். குறி எதுவும் இல்லையென்றால் விவரத்தாளில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத போர்ட்டில் எவ்வளவு விலையுயர்ந்த சாதாரண வயரைப் போட்டாலும் படம் வராது.

இரண்டும் சரியாக அமைந்தால் டைப்-சி மாதிரி வசதி வேறில்லை. மானிட்டர் 65 வாட்டோ அதற்கு மேலோ பவர் கொடுக்கும் வகையாக இருந்தால், அந்த ஒரே வயரில் படமும் போகும், லேப்டாப்புக்கு சார்ஜும் ஏறும்.

கடையில் பழைய விஜிஏ மானிட்டர் நன்றாக ஓடுகிறது. புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும்தான். என்ன செய்ய?

மானிட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். 'எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு' என்று கேட்டு ஒரு கன்வெர்ட்டர் வாங்குங்கள். திசையை அழுத்திச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் இவை ஒருவழிப் பாதை. 'விஜிஏ-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு' என்பது வேறு சாமான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டினால் வேலை செய்யாது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் வயரும் அப்படித்தான், திருப்பி மாட்ட முடியாது.

சிப் ஒன்றும் இல்லாத வெறும் வயராக எச்டிஎம்ஐ-விஜிஏ விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். ஒன்று டிஜிட்டல், மற்றொன்று அனலாக். நடுவில் மாற்றித் தர ஒரு சிப் இல்லாமல் படம் வராது.

எத்தனை இஞ்ச் வாங்கலாம்?

இஞ்சை மட்டும் பார்த்து வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இஞ்சோடு எத்தனை புள்ளி (பிக்சல்) என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 24 இஞ்ச் முழு எச்டியில் ஓர் அங்குலத்துக்கு சுமார் 92 புள்ளி வரும். அதே முழு எச்டியை 27 இஞ்சில் வாங்கினால் சுமார் 82 தான். புள்ளி கூடுவதில்லை, ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகிறது, அவ்வளவுதான்.

படம் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. நாள் முழுக்கத் தமிழ் தட்டச்சு செய்பவருக்கு மிகப் பெரிய விஷயம். ஆங்கில எழுத்து பெரும்பாலும் நேர்கோடு. நம் எழுத்தில் சுழி இருக்கிறது, அதன் தலையில் புள்ளியும் இருக்கிறது. புள்ளி நெருக்கம் குறைந்த ஸ்கிரீனில் சிறிய எழுத்தில் அடித்தால் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வித்தியாசம் மங்கும், 'க'வா 'க்'கா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிவரும். கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் கொடை நோட்டீசிலும் ஒரு புள்ளி விட்டுப்போனால் அச்சடித்த பிறகு திருத்த முடியாது. அதனால் டிடிபி கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 24 இஞ்ச் என்றால் முழு எச்டி போதும், 27 இஞ்ச் என்றால் 2560 x 1440 வாங்குங்கள். அதில் அங்குலத்துக்கு சுமார் 109 புள்ளி வரும். ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனலாக இருக்கட்டும். பிளக்ஸ் டிசைனைக் காட்டும்போது வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றுதானே பார்ப்பார்.

ஸ்டாண்டில் ஸ்கிரீனை நெட்டுக்குத்தாகத் திருப்பும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஏ4 பக்கம் முழுசாக ஒரே பார்வையில் தெரியும்.

மாட்டியாச்சு. 'நோ சிக்னல்' என்று வருகிறது.

மானிட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 'நோ சிக்னல்' என்று எழுதிக் காட்டுகிறது என்றாலே மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது. படம் அதனிடம் வந்து சேரவில்லை.

முதலில் மானிட்டரின் கீழேயோ பின்னாலேயோ உள்ள பட்டனை அழுத்தி, 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற இடத்தில் நீங்கள் வயர் மாட்டிய அதே போர்ட் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று இரண்டு இருந்தால் பலர் ஒன்றில் மாட்டிவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அடுத்து வயரை இரண்டு முனையிலும் கழற்றி, அழுத்தி மாட்டுங்கள். பிறகு கீபோர்டில் விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டே 'P' எழுத்தைத் தட்டுங்கள். வரும் நான்கு வழிகளில் 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் வரவில்லையா, விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'P'க்குப் பதிலாக 'B' எழுத்தை, அதாவது கீழ்வரிசையில் 'V'க்கும் 'N'னுக்கும் நடுவில் இருக்கும் எழுத்தைத் தட்டுங்கள். ஸ்கிரீன் ஒருமுறை கறுத்துத் திரும்பும். படத்தை நடத்தும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கியது என்று அர்த்தம்.

இவ்வளவும் பார்த்த பிறகு வேறொரு வயர் மாற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டு டிவி பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் எச்டிஎம்ஐ வயரை ஐந்து நிமிடம் கடன் வாங்கினால் போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை.

டெஸ்க்டாப் என்றால் இன்னொன்று. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், மானிட்டர் வயரை அந்தக் கார்டின் போர்ட்டில்தான் செருக வேண்டும். மேலே, கீபோர்டும் மவுஸும் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. பிராசசரில் படம் தரும் பகுதி இல்லையென்றால் அதில் ஒன்றுமே வராது.

'டூப்ளிகேட்', 'எக்ஸ்டெண்ட்' எது நல்லது?

ஒரே படம் இரண்டிலும் தெரிவது டூப்ளிகேட். இரண்டும் சேர்ந்து ஒரே நீளமான மேசையாவது எக்ஸ்டெண்ட். தனியாக வேலை செய்பவருக்கு எக்ஸ்டெண்ட்தான். ஒரு பக்கம் மீட்டிங், மறுபக்கம் பைல். விண்டோஸ், ஷிப்ட் இரண்டையும் பிடித்து இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டினால் திறந்திருக்கும் ஜன்னல் அடுத்த ஸ்கிரீனுக்குத் தாவும்.

இ-சேவை மையங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்க வந்தவர் பக்கம் ஒரு சின்ன ஸ்கிரீனைத் திருப்பி வைப்பது மிக நல்ல பழக்கம். நம் மாவட்டத்தில் ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுவார்கள். அப்பா பெயர், இனிஷியல், வீட்டுப் பெயர் எல்லாவற்றையும் அவரே பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அனுப்பினால், சான்றிதழில் பிழை வந்து திரும்ப நடக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு டூப்ளிகேட் போடாதீர்கள். போட்டால் முந்தைய ஆளின் ஆதார் எண்ணும், உங்கள் லாகின் பக்கமும், மெயிலும் எல்லாம் எதிரே நிற்பவருக்குத் தெரியும். எக்ஸ்டெண்ட் போட்டு, படிவம் நிரப்பி முடித்ததும் அந்த ஒரு ஜன்னலை மட்டும் அவர் பக்கம் தள்ளுங்கள். மக்களின் ஆவணங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் இந்த அளவு கவனம் எடுக்கத்தான் வேண்டும்.

மவுஸ் இடப்பக்கம் போக வேண்டியது வலப்பக்கம் போகிறதென்றால், டிஸ்ப்ளே செட்டிங்கில் 1, 2 என்று இரண்டு கட்டம் தெரியும். மேசையில் ஸ்கிரீன் இருக்கும் வரிசைக்கே அவற்றை இழுத்து வையுங்கள்.

படம் வந்துவிட்டது, ஆனால் எழுத்து மங்கலாக இருக்கிறது.

டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங் திறங்கள். எந்த ஸ்கிரீனுக்கு மாற்றுகிறோம் என்பதை மேலே தேர்ந்தெடுத்துவிட்டு, ரெசொல்யூஷனில் (புள்ளிகளின் எண்ணிக்கை) 'ரெக்கமண்டட்' என்று போட்டிருப்பதையே வையுங்கள். எழுத்து சிறியதாக இருக்கிறது என்று ரெசொல்யூஷனைக் குறைப்பதால்தான் மங்கல் வருகிறது. எழுத்தைப் பெரிதாக்க 'ஸ்கேல்' என்று தனியாக இருக்கிறது. 24 இஞ்ச் முழு எச்டிக்கு 100, கண்ணாடி போட்டவர்களுக்கு 125. 27 இஞ்ச் 4கே என்றால் 150. அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' உள்ளே போய் ரெப்ரெஷ் ரேட்டையும், அதாவது படம் வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதையும் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

மேக்புக்கில் இரண்டு மானிட்டர் மாட்டலாமா?

மாடலைப் பொறுத்தது. எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் வெளியே ஒரு மானிட்டருக்கு மேல் எடுக்காது. எம்3 ஏர் மூடியை மூடி வைத்தால் இரண்டு எடுக்கும். எம்4 ஏர் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு எடுக்கும். பழைய மாடலில் இரண்டு கட்டாயம் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் என்ற வகை டாக் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) வாங்கி, அதற்கான மென்பொருளையும் போட வேண்டும். சாதாரண டாக் எத்தனை போர்ட் காட்டினாலும் இந்த எல்லையைத் தாண்டாது.

வீட்டில் இருக்கும் டிவியையே மானிட்டராக வைத்தால் கொள்ளாமா?

பிள்ளைகள் வகுப்பு பார்க்க, படம் பார்க்கக் கொள்ளாம். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து வேலை செய்ய வேண்டாம். 32 இஞ்ச் டிவி பலவற்றில் 1366 x 768 புள்ளிதான். மேசைத் தூரத்தில் அது கண்ணுக்குக் கஷ்டம். ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டிவியின் பட அளவு செட்டிங்கில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் பிட்' போன்ற ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். மவுஸ் பிந்தி நகர்ந்தால் 'கேம் மோட்' போடுங்கள்.

எங்கள் கோயிலில் பாட்டு வரிகளைப் பெரிய டிவியில் காட்டுகிறோம். லேப்டாப் கடைசி வரிசையில். நீளமான வயர் போட்டால் படம் விட்டு விட்டு வருகிறது.

சாதாரண எச்டிஎம்ஐ வயர் 10 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. 4கே அனுப்பினால் 5 மீட்டரிலேயே தடுமாறும். பாட்டு வரிக்கு 4கே வேண்டாமே. முதலில் ரெசொல்யூஷனை 1920 x 1080 ஆகக் குறைத்துப் பாருங்கள், அதிலேயே சில இடங்களில் சரியாகிவிடும். இல்லையென்றால் உள்ளே பைபர் (கண்ணாடி இழை) வைத்த எச்டிஎம்ஐ வயர் கிடைக்கிறது. அதில் ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். மாற்றி இழுத்துச் சுவரோடு அடித்துவிட்டால் மறுபடி முழுசும் பிரிக்க வேண்டும், அதனால் அடிக்கும் முன்னால் ஒருமுறை தரையில் விரித்து மாட்டிப் பாருங்கள். நெட்வொர்க் வயர் வழியாக எச்டிஎம்ஐ-யைக் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் பெட்டிகளும் நல்ல வழிதான்.

வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. மானிட்டருக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா?

பெரும்பாலான மானிட்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பின்பக்க ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். அதனால் வோல்டேஜ் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பயப்பட வேண்டியது இடியைப் பற்றித்தான்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சித்திரை, வைகாசிக் கோடைமழையும் ஐப்பசி மழையும் சாயங்காலம் இடியோடு வரும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கையால் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்டர்நெட் மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு வரும் வயரையும் கழற்றுங்கள், ஏனென்றால் அந்த வழியில் ஏறும் மின்சாரம் லேப்டாப்புக்குள் புகுந்து, எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் வரை போகும். வானம் இடித்துக்கொண்டிருக்கும்போது பிளக்கைத் தொடாதீர்கள். முன்பே செய்ய வேண்டிய வேலை அது.

அடுத்தது எர்த். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? பிளக் பாயிண்டில் எர்த் சரியில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் இரண்டு பக்கமும் கரண்ட் ஓடும்போதே எச்டிஎம்ஐ மாட்டினால் போர்ட் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் அடாப்டரைத் தவிருங்கள். திடீரென ஏறும் மின்சாரத்தைத் தடுக்கும் ஸ்பைக் பஸ்டர் வாங்கிப் போட்டாலும் எர்த் இல்லையென்றால் அதன் பாதி வேலை நடக்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யும் செலவு, புது மதர்போர்டு செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

24 இஞ்ச் எல்இடி மானிட்டர் இழுப்பது பெரும்பாலும் 15 முதல் 25 வாட். இருக்கும் யுபிஎஸ்ஸிலேயே தாராளமாகச் சேர்க்கலாம்.

வீடு குளச்சலில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றால் கெடுமா?

மெதுவாகக் கெடும். முதலில் போவது திறந்து கிடக்கும் போர்ட்களின் ஊசிகள், அப்புறம் ஸ்டாண்டின் திருகுகள். முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே மானிட்டரை வைக்காதீர்கள். பயன்படுத்தாத போர்ட்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள், விலை மிகக் குறைவு. வேலை இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், உள்ளே வரும் சூட்டில் ஈரம் போகும். போர்ட்டில் பச்சை பூத்தது போலத் தெரிந்தால் கரண்டை எல்லாம் எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சின்ன பிரஷில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஸ்கிரீனில் படியும் உப்புப் படலத்தைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். மென்மையான மைக்ரோபைபர் துணியை லேசாக நனைத்து, அழுத்தாமல் துடைக்கவும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் திரவம் வேண்டாம்.

ஸ்கிரீனுக்குள்ளே சின்ன எறும்பு ஊர்கிறது!

கை வைத்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் உள்ளேயே நசுங்கி, நிரந்தரக் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது உள்ளே வந்தது. மானிட்டரை அணைத்து, அறையை இருட்டாக்கி, சற்றுத் தள்ளி ஒரு விளக்கை எரிய விடுங்கள். பெரும்பாலும் அதுவே வெளியே போய்விடும். பூச்சி மருந்தை மானிட்டர் மேல் அடிக்கவே கூடாது. மேசைக் கால்களைச் சுற்றியும் சுவரோரத்திலும் எறும்பு வரும் வழியை அடைத்தால் போதும்.

மானிட்டர் மாட்டியதும் லேப்டாப்பில் சத்தம் போய்விட்டது.

சத்தம் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போயிருக்கிறது. பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது. கீழே மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த உயரத்தில் வைக்க வேண்டும்?

ஸ்கிரீனின் மேல் ஓரம் உங்கள் கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். கையை நீட்டினால் விரல் நுனி ஸ்கிரீனைத் தொடும் தூரம். ஜன்னல் முன்னாலும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் வரட்டும். சுவரில் மாட்டுவதென்றால் பின்னால் நான்கு திருகு ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் இடைவெளி, சிலவற்றில் 75. சில விலை குறைந்த மாடல்களில் ஓட்டையே கிடையாது.

ஆன்லைனில் வாங்கலாமா, நாகர்கோவில் கடையிலா?

இரண்டிலும் வாங்கலாம். கடையில் என்றால் அங்கேயே பெட்டியைத் திறந்து மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் என்றால் பெட்டி பிரிப்பதை முதலிலிருந்து போனில் வீடியோ எடுங்கள், உடைந்து வந்தால் அதுதான் ஆதாரம். எங்கே வாங்கினாலும் அந்த மாடலுக்கு சர்வீஸ் சென்டர் நாகர்கோவிலில் இருக்கிறதா, அல்லது மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்ப வேண்டுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். மாட்டியதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் முழு ஸ்கிரீனில் போட்டு, அணையாத புள்ளியோ எரியாத புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் முடியும் வரை பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் பரணில் பத்திரமாக வையுங்கள். பில்லை மட்டும் வாரண்டி முடியும் வரை வைத்திருக்க வேண்டும். வெயிலில் எழுத்து அழிந்துபோகும் தாள் பில் என்றால் அன்றைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.